ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு படம்

நிதானம் என்ற கருத்தை வைத்து ஒரு கலைத் திட்டம் செய்யச் சொன்னால், புதிதாகத் தொடங்குபவர்கள் நிதானமாக நகரும் ஏதாவது ஒன்றைத் தேடிப் போவது வழக்கம். நத்தை, மாட்டு வண்டி, திண்ணையில் வெற்றிலை இடிக்கும் பாட்டி. செல்போனை நீட்டினால் ஒரு நொடியில் படம் கிடைத்துவிடும், சாயங்காலத்துக்குள் இருபது படம் சேர்ந்துவிடும். சிக்கலே அதுதான். படத்தில் இருப்பது நிதானம், எடுத்த விதமோ அவசரம். பார்ப்பவரும் அதே வேகத்தில் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

இதற்கு வேறொரு வழி உண்டு. அவசரப்பட்டால் நடக்கவே நடக்காத ஒரு செய்முறையைத் தேர்ந்தெடுப்பது. ஜப்பானியக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1970-களின் பிற்பகுதியிலிருந்து தியேட்டர்களில் இதைச் செய்தார். படம் தொடங்கும்போது கேமராவின் ஷட்டரைத் திறப்பார், முடியும்போது மூடுவார். முழுத் திரைப்படமும் ஒரே ஃபிலிமில் விழுந்து, திரை வெறும் வெள்ளைச் செவ்வகமாக ஒளிரும். ஜெர்மன் புகைப்படக் கலைஞர் மிஹாயேல் வெசெலி, நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இடித்துக் கட்டப்பட்டபோது 2001 முதல் 2004 வரை கேமராவைத் திறந்தே வைத்திருந்தார். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் ஓர் ஆர்கன் இசை, ஜெர்மனியின் ஹால்பர்ஷ்டாட் நகரத் தேவாலயம் ஒன்றில் 2001-ல் தொடங்கி இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அது முடிய வேண்டிய ஆண்டு 2640. இவை எதிலும் காலத்தைக் குறைக்க இடமில்லை. குறைத்தால் படைப்பே கிடையாது.

இதே வகையில் கையில் காசு அதிகம் இல்லாதவரும் வீட்டு மொட்டை மாடியிலேயே தொடங்கக்கூடியது சோலார்கிராஃபி. ஒரு குழாய், ஒரு ஊசித்துளை, ஒரு தாள். ஆறு மாதம் அசையாமல் ஓரிடத்தில் கட்டிவைத்தால், அந்த ஆறு மாதமும் சூரியன் வானத்தில் போன தடமெல்லாம் தாளில் கோடு கோடாகப் பதிந்திருக்கும். 2000-ஐ ஒட்டி போலந்து, ஸ்பெயின் கலைஞர்கள் சிலர் சேர்ந்து உலகின் பல இடங்களில் ஒரே சமயத்தில் இதைச் செய்த பிறகுதான் பரவலானது. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக வானாய்வகத்தில் மாணவி ரெஜினா வால்கன்பரா 2012-ல் ஒரு பீர் டின்னைக் கட்டிவிட்டு மறந்துபோனார். 2020-ல் அதைக் கழற்றிப் பார்த்தபோது 8 ஆண்டு 1 மாதத்தின் சூரியத் தடங்கள், மொத்தம் 2,953 வளைவுகள், ஒரே தாளில் இருந்தன.

தாளில் நடப்பது என்ன

கறுப்பு-வெள்ளைப் புகைப்படம் அச்சிடும் தாளின் மேல் வெள்ளி ஹாலைடு என்ற உப்பு பூசியிருக்கும். வழக்கமான டார்க் ரூம் வேலையில் வெளிச்சம் சில நொடிதான் படும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவடு விழும், டெவலப்பர் என்ற ரசாயனம் அதைப் பெருக்கிப் படமாக்கும். சோலார்கிராஃபியில் டெவலப்பருக்கு வேலையே இல்லை. வாரக்கணக்கில் விழும் வெளிச்சமே உப்பை உடைத்து வெள்ளித் துகளாக மாற்றிவிடுகிறது. எங்கே அதிக வெளிச்சம் விழுந்ததோ அங்கே தாள் கருக்கும். குழாயைத் திறந்ததும் படம் கண்ணெதிரே இருக்கும்.

இந்தத் துகள்கள் மிக மிக நுண்ணியவை. அதனால் கறுப்பு-வெள்ளைத் தாளிலேயே பழுப்பு, இளஞ்சிவப்பு, ஊதா, சாம்பல்நீலம் என்று நிறங்கள் தெரியும். அது வானத்தின் நிறம் அல்ல, துகளின் அளவு காட்டும் நிறம். ஈரமும் வெப்பமும் அதை மாற்றும். ஒரே கம்பனித் தாளை இரண்டு ஊரில் வைத்தால் இரண்டு நிறத்தில் வரலாம்.

படத்தில் மனிதர்கள் இருக்க மாட்டார்கள். பேருந்து, நாய், கொடியில் காயும் துணி எதுவும் இருக்காது. ஆறு மாத வெளிச்சத்தில் அவர்களின் பங்கு தாளின் கணக்குக்குள்ளேயே வராது. அசையாமல் நின்றவை மட்டும் மிஞ்சும்: கட்டடம், தண்ணீர்த் தொட்டி, பாறை, தென்னையின் அடிமரம். தென்னை ஓலை காற்றில் ஆடிக்கொண்டே இருப்பதால் புகைபோலத் தெரியும். இதைத் தெரிந்துகொண்டுதான் இடம் தேட வேண்டும்.

குழாய்

வெளிநாட்டு விளக்கங்களில் குளிர்பான டின்தான் கேமரா. நம் ஊர் மழைக்கு பி.வி.சி. குழாய் மேல். துருப்பிடிக்காது, நசுங்காது, மூடிக்கு எண்டு கேப் கிடைக்கும், பிளம்பிங் கடையிலேயே கேட்ட அளவுக்கு அறுத்துத் தருவார்கள்.

75 மி.மீ. குழாயில் 135 மி.மீ. நீளத் துண்டு ஒன்று, அதற்கு இரண்டு எண்டு கேப். இந்த அளவுக்குக் காரணம் தாள். புகைப்படத் தாளின் சாதாரண அளவு 5 x 7 அங்குலம், அதாவது 127 x 178 மி.மீ. குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 70 மி.மீ., உள்சுற்றளவு 220. தாளின் நீளப் பக்கத்தை வளைத்து உள்ளே விட்டால் 178 போக 42 மி.மீ. இடைவெளி மிஞ்சும். அந்த இடைவெளியின் நடுவில் துளை வர வேண்டும். தாளின் உயரம் 127, குழாய் 135 என்பதால் மேலும் கீழும் நழுவ இடம் இருக்காது. தாளை வெட்டவே வேண்டாம். இருட்டில் வேலை செய்யும்போது இதன் அருமை தெரியும்.

எண்டு கேப் வெளிப்பக்கமாக ஏறி உட்காரும். இரண்டு மூடியும் ஏறிய பிறகு நடுவில் ஊசித்துளைத் தகட்டை (பிளேட்டை) ஒட்ட 30 மி.மீ.யாவது மிஞ்சுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அடி மூடியை சால்வென்ட் சிமெண்ட் வைத்து ஒட்டிவிடலாம். மேல் மூடி இறுகிக்கொண்டு வர மறுக்கும். அதன் உள்விளிம்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தளர்த்திவிடுங்கள், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து மூடியோடு மல்லுக்கட்டுவதில் தாள் கீறிப்போகும்.

குழாயின் நடு உயரத்தில் 16 மி.மீ. துளை போட வேண்டும். ஊசித்துளைக்கு எதற்கு இவ்வளவு பெரிய ஓட்டை என்று தோன்றும். குழாயின் சுவர் 2.5 மி.மீ. போல தடிமன் உள்ளது. சின்ன ஓட்டை போட்டால் அந்தச் சுவரே இரண்டு பக்கமும் மறைத்து, சாய்வாக வரும் வெளிச்சத்தைத் தடுத்துவிடும். 16 மி.மீ. இருந்தால் ஏறக்குறைய 140 டிகிரி அகலத்துக்குப் பார்வை கிடைக்கும். 6 அல்லது 8 மி.மீ. போட்டவர்களின் படம் நடுவில் மட்டும் தெரிந்து, ஓரமெல்லாம் தாள் வெறுமையாக நிற்கும். முதலில் 3 மி.மீ. துளை போட்டு, பிறகு கூம்பு வடிவ ஸ்டெப் பிட் வைத்துப் பெரிதாக்கினால் குழாயில் விரிசல் விழாது.

உள்பக்கம் பளபளப்பாக இருந்தால் வெளிச்சம் எதிரொளித்துப் படம் மங்கும். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மேட் கறுப்பு ஸ்ப்ரே அடித்து, ஒருநாள் முழுதும் வாடை போகும்வரை காயவிடுங்கள்.

ஊசித்துளை

மொத்த வேலையில் பொறுமை அதிகம் கேட்பது இந்த இடம். நல்ல துளைக்கும் மோசமான துளைக்கும் உள்ள வித்தியாசம் ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும் என்பதால், அப்போது திருத்த முடியாது.

குளிர்பான டின்னிலிருந்து 25 மி.மீ. சதுரத் துண்டு ஒன்றைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். ஒரு தடித்த அட்டை மேல் வைத்து, மெல்லிய தையல் ஊசியின் நுனியால் நடுவில் அழுத்துங்கள். ஒரே குத்தில் ஓட்டை போடக் கூடாது. சின்னப் பள்ளம் விழுந்தால் போதும். துண்டைத் திருப்பினால் பின்பக்கம் ஒரு மேடு தெரியும். அதை 600 நம்பர் உப்புத்தாளில் தேயுங்கள். மறுபடி அழுத்துங்கள், மறுபடி தேயுங்கள். மூன்றாவது நான்காவது முறையில் மேடு தேய்ந்து, முடிபோல ஒரு புள்ளி வெளிச்சம் தெரியும். இப்போது ஊசி நுனியை அந்தப் புள்ளியில் வைத்து, அழுத்தாமல் விரல்களுக்கிடையே உருட்டுங்கள். விளிம்பு வட்டமாகும். ஊசியை முழுக்க உள்ளே விட்டால் துளை இரண்டு மடங்காகிவிடும்.

துளைக்கும் தாளுக்கும் இடையே ஏறக்குறைய 72 மி.மீ. இருப்பதால், துளையின் விட்டம் 0.35 முதல் 0.4 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பெரிதானால் படம் கலங்கும். மிகச் சிறிதானாலும் கலங்கும், ஏனென்றால் ஒளி மிகக் குறுகிய வழியில் நுழையும்போது விரிந்து சிதறுகிறது. அளக்க மைக்ராஸ்கோப் தேவையில்லை. பிளேட்டை ஸ்கேனரில் வைத்து, பின்னால் ஒரு வெள்ளைத் தாளை மூடி, 1200 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பாருங்கள். அந்த அளவில் ஒரு பிக்சல் 0.021 மி.மீ. குறுக்கே 17 முதல் 19 பிக்சல் எண்ண முடிந்தால் சரி. வட்டமாக இல்லாமல் நட்சத்திரம்போல இருந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். ஐந்து செய்தால் ஒன்று நன்றாக வரும், ஆகவே ஆரம்பத்திலேயே பத்துத் துண்டு வெட்டிக்கொள்வது நல்லது.

பிளேட்டின் உள்பக்கத்தைப் பெர்மனென்ட் மார்க்கரால் கறுப்பாக்கி, குழாயின் வெளிப்பக்கத்தில் துளைக்கு நேராக ஒட்டுங்கள். சுற்றிலும் அலுமினியம் டேப், அதன் விளிம்பில் எம்-சீல். வெளிப்பக்கம் ஒட்டச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. உள்பக்கம் ஒட்டினால் வெளியில் 16 மி.மீ. குழி ஒன்று நிற்கும். குளவிகளுக்கு அப்படிப்பட்ட குழி என்றால் கொள்ளை ஆசை. ஒரே நாளில் மண் வைத்துப் பூசிவிடும்.

சாதாரணக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எங்கும் நிரந்தர வேலைக்கு நம்பாதீர்கள். ஏப்ரல் வெயிலில் அதன் பசை இளகி, டேப் மெல்ல வழுக்கிவிடும். துளையைத் தற்காலிகமாக மூடும் ஷட்டராக மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

தாளை ஏற்றுவது

பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. வகைத் தாள் வாங்குங்கள். ஈரத்தை ஓரளவு தாங்கும். காலாவதியான பெட்டி மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம், டெவலப் செய்யப் போவதில்லை என்பதால் பழசானாலும் பெரிய நஷ்டமில்லை.

ஜன்னலில்லாத அறை, சிவப்பு எல்.இ.டி. பல்பு. அது போதும். தாளின் பளபளப்பான பக்கம் உள்நோக்கி, துளையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். இருட்டில் எது பளபளப்பு என்று தெரியாவிட்டால் ஒரு மூலையை உதட்டில் லேசாக ஒட்டிப் பார்க்கலாம், ரசாயனப் பக்கம் ஒட்டும். தாள் தன் வளைவினாலேயே சுவரோடு இறுகி நிற்கும். ஆனாலும் மேல் விளிம்பில் இரட்டைப் பக்க டேப் இரண்டு துண்டு வையுங்கள்.

மூடுவதற்கு முன் உள்ளே விரல் விட்டுத் துளையைத் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தாள் தட்டுப்பட்டால் அது துளையை மறைத்துக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு தவறால் வீணாகும் ஆறு மாதங்கள் மற்ற எல்லாத் தவறுகளையும் விட அதிகம்.

எந்தத் திசை? நம் ஊர்க் கணக்கு வேறு

இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில் எழுதப்பட்டவை. தெற்கே பார்த்து நேராக நிறுத்து என்பார்கள். லண்டனில் அது சரி. அங்கே டிசம்பர் உச்சிப்பொழுதில் சூரியன் 15 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், ஜூனில் 62. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. இங்கே மிகத் தாழ்வாகப் போகும் டிசம்பர் 21 அன்றுகூட உச்சிச் சூரியன் தெற்கில் 53 டிகிரிக்கு மேல் நிற்கும். ஏப்ரல் 25-ஐ ஒட்டி நேர் தலைக்கு மேலே வரும். ஜூன் 21 அன்று தலையைத் தாண்டி வடக்கே 10 டிகிரி போயிருக்கும். நேராக நிறுத்திய நம் குழாய் தன் எதிரே 41 டிகிரி உயரம்வரைதான் பார்க்கும். ஆக, தெற்கே பார்த்து வைத்தால் உச்சிச் சூரியன் ஒருநாள்கூட நடுவில் விழாது. ஐரோப்பியப் படங்களின் அழகிய வானவில் வளைவு நமக்கு அப்படியே வராது, அதற்காக வருத்தப்படவும் வேண்டாம்.

நமக்குக் கிழக்கோ மேற்கோதான் திசை. கிழக்கே பார்த்தால் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக எழும். டிசம்பரில் நேர்க் கிழக்கிலிருந்து 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும், ஜூனில் 24 டிகிரி வடக்கே தள்ளி. படத்தில் 48 டிகிரி அகலத்துக்கு, தறியில் பாவு கட்டியதுபோல, கோடுகள் நெட்டுக்குத்தாக நிற்கும். வடக்கே வெகுதூரம் தள்ளியிருக்கும் நாடுகளின் படத்தில் இந்தத் தோற்றம் கிடைக்காது.

குழாயை 25 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்தால் காலை 10:30 தாண்டும்வரை சூரியன் சட்டத்துக்குள் இருக்கும், கீழே நிலமும் கொஞ்சம் வரும். எதிரே ஏரியோ கடலோ இருந்தால் சாய்வை 10 டிகிரியாகக் குறையுங்கள். தண்ணீரில் எதிரொளிக்கும் சூரியனும் தன் பங்குக்குக் கீழே கோடு போடும். அதற்கு இடம் விட வேண்டும். மதுரை, கோவைப் பக்கம் மேற்கே மலை தெரியும் வீடு என்றால் மேற்கு நல்லது. மலைமுகட்டில் கோடுகள் போய் முடிகிற இடம் கூர்மையாகப் பதியும்.

முழு நாளின் தடமும் வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. குழாயைத் தெற்கு வடக்காகப் படுக்கவைத்து, துளையை வானத்தைப் பார்த்து வைப்பது. நிலக்காட்சி எதுவும் வராது, வெறும் வானம்தான். துளை மேல்நோக்கி இருப்பதால் மழைத் தண்ணீர் தேங்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மட்டும் செய்து பாருங்கள்.

எப்போது தொடங்குவது

டிசம்பர் 21 முதல் ஜூன் 21 வரை. மார்கழி 6-ஐ ஒட்டித் தொடங்கி ஆனி 7-ஐ ஒட்டி முடியும். உத்தராயணம் தை முதல் நாள் என்றுதான் பஞ்சாங்கம் சொல்லும், ஆனால் சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது அதற்கு மூன்று வாரம் முன்னாலேயே. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் இந்த ஆறு மாதத்தில் ஒவ்வொரு நாளும் தனக்கென ஒரு கோடு போடும். அதற்கு மேல் விட்டால் சூரியன் திரும்பி வரும் வழியில் பழைய கோடுகளின் மேலேயே வரும், நாட்களைப் பிரித்துப் படிக்க முடியாது.

ஜூன் முதல் டிசம்பர் வரையிலான மறுபாதியும் உண்டு. சென்னைப் பக்கம் அது முற்றிலும் வேறு படம். கிழக்கே பார்த்த படத்தில் வலப்பக்கம் தெற்கு. வடகிழக்குப் பருவமழை வரும் நேரம் சூரியன் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். எனவே வலப்பக்கம் மட்டும் கோடுகள் அறுந்து அறுந்து, கிழிந்த பாய்போல இருக்கும்.

கட்டுவதும் அனுமதியும்

குழாய் ஒரு மில்லிமீட்டர் திரும்பினாலும் எல்லாம் இரட்டையாகத் தெரியும். கயிறு வேண்டாம், வெயிலில் இற்றுப்போகும். வெள்ளை கேபிள் டையும் நொறுங்கிவிடும். ஸ்டீல் ஹோஸ் கிளாம்ப் இரண்டு வைத்து, இரும்புக் கைப்பிடியிலோ சிமெண்ட் தூணிலோ இறுக்குங்கள். மரக்கிளையில் கட்டாதீர்கள், காற்று மட்டுமல்ல, கிளையே வளரும்.

பொது இடத்தில் கட்டுவதென்றால் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். 2016-ல் அட்லாண்டாவில் மாணவர்கள் பாலத்தில் கட்டிய ஊசித்துளை கேமராவை வெடிகுண்டு என்று நினைத்து, போலீசார் நெடுஞ்சாலையை மூடி அதை அழித்தார்கள். இரண்டு பக்கமும் மூடிய பி.வி.சி. குழாய் யாருக்கும் அந்தச் சந்தேகத்தைக் கொடுக்கும். குழாய் மேல் அது என்ன, யார் வைத்தது, எந்தத் தேதியில் எடுக்கப்படும், தொடர்பு எண் என்ன என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவர்களே காவல்.

ஒரு படம் வேண்டுமென்றால் மூன்று குழாய் வையுங்கள். குரங்கு பிடுங்கும், பெயிண்ட் அடிப்பவர் கழற்றி வைப்பார், சிலந்தி துளையின் மேல் வலை பின்னும். முதல் தடவையே ஆறு மாதத்துக்கு வைக்காதீர்கள். ஒரு நாள், பிறகு ஒரு வாரம், பிறகு ஒரு மாதம். ஒரு நாளிலேயே சூரியக் கோடு லேசாகத் தெரியும், வெளிச்சம் எங்காவது கசிகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இதைக் கலைத் திட்டமாக ஆக்குவது எப்படி

இதுவரை சொன்னது கைவேலை. மாடியில் ஒரு குழாய் கட்டினால் ஒரு படம் கிடைக்கும், அது திட்டம் ஆகாது. எதைக் காத்திருந்து பார்க்கிறோம் என்று ஒரு கேள்வியும், அந்தக் கேள்விக்காக நாமே போட்டுக்கொள்ளும் ஒரு விதியும் வேண்டும்.

கோட்டின் அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் விதிகள் தானாகவே தோன்றும். சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலம். நம் தாளில் அதன் கோடு ஏறக்குறைய 1 மி.மீ. தடிமனாக விழும். மார்ச் 21-ஐ ஒட்டி சூரியன் நாளுக்கு 0.4 டிகிரி வடக்கே நகர்கிறது, தாளில் அது அரை மி.மீ. அதாவது இன்றைய கோடு நேற்றையதன் பாதிமேல் ஏறிவிடும். வெயில் அடித்த வாரங்களெல்லாம் சேர்ந்து ஒரே பட்டையாகத் தெரியும். ஒருநாள் மேகமூட்டம் என்றால் மெல்லிய மங்கல், தொடர்ந்து மூன்று நாள் மழை என்றால் தெளிவான வெற்றிடம்.

கோடுகள் தனித்தனியாகத் தெரிய வேண்டுமென்றால் துளையை டேப்பால் மூடி வைத்து, வாரத்தில் ஒரே நாள் மட்டும் திறக்கலாம். மார்ச்சில் வாரக் கோடுகள் 3 மி.மீ.க்கு மேல் விலகி நிற்கும். எந்த நாள் என்பது உங்கள் முடிவு. வார விடுமுறை நாளா, சந்தை கூடும் நாளா, வீட்டில் ஒருவர் மருத்துவமனைக்குப் போய்வரும் நாளா? அந்த நாளை யார் தேர்ந்தெடுக்கிறார், ஏன் என்பதில்தான் படைப்பு இருக்கிறது. 26 வாரம் விடியுமுன் எழுந்துபோய் ஒரு டேப்பைப் பிரித்து, வெயில் மேலேறியதும் திரும்ப ஒட்டுவது சின்ன வேலையில்லை. கையைத் துளைக்கு முன்னால் மெதுவாகக் கொண்டுபோங்கள், குழாய் அசைந்துவிடக் கூடாது.

இன்னொரு விதி: ஒரே தெருவில் கிழக்கே பார்த்த ஏழு வீட்டு மாடிகளில் ஒரே நாளில் ஏழு குழாய். வானம் எல்லோருக்கும் ஒன்று, ஆகவே கோடுகள் ஒன்றுபோலவே வரும். கீழே தெரியும் தண்ணீர்த் தொட்டியும் மரமும் எதிர்வீட்டுச் சுவரும் மாறும். ஒரு மாடியில் பாதிக் கோட்டை மறைத்தபடி புதிதாக எழும்பிய அடுக்குமாடியும் பதிந்திருக்கலாம்.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, வானம் எப்படி, அன்று நடந்தது ஒரு வரி. பிறகு 600 டி.பி.ஐ. ஸ்கேனில் மார்ச் மாத நாள் ஒன்று ஏறக்குறைய 12 பிக்சல் அகலம் பிடிக்கும். நோட்டையும் படத்தையும் பக்கத்தில் வைத்து, இந்த வெற்றிடம் எந்த மழை என்று கண்டுபிடிக்க முடியும். சுவரில் படத்தை மட்டும் மாட்டுவதைவிட நோட்டையும் சேர்த்து வைப்பது பலமானது. பார்வையாளர் ஒரு கோட்டின் முன் நிற்கும் நேரம் அதனால் கூடும்.

படத்தின் இரண்டு ஓரங்களையும் கவனியுங்கள். நடுவில் பரவலாக இருக்கும் கோடுகள் ஓரங்களில் நெருங்கி நெருங்கி, அடர்ந்த கருக்கலாக முடியும். ஊஞ்சல் ஒரு பக்கம் ஏறி நின்று திரும்புமுன் தளர்வதுபோல, சூரியனும் தன் போக்கின் முனையில் தளர்கிறது. மார்ச்சில் ஒரே நாளில் கடக்கும் தூரத்தை டிசம்பர் கடைசியில் கடக்க அதற்குப் பத்து நாள் ஆகிறது. நிதானம் என்ற கருத்துக்காக இந்த முறையை எடுத்துக்கொண்டவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் படத்தில் வேறில்லை. அச்சிடும்போது அந்த ஓரத்தை வெட்டிவிடாதீர்கள்.

திறக்கும் நாள்

ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காது என்பார்கள். குழாயைக் கழற்றியதும் வெயிலில் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். துளையை மூடிவிட்டு உள்ளே கொண்டுபோய் மங்கிய வெளிச்சத்தில் திறவுங்கள். படம் தெரியும், ஆனால் தாள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. விழும் வெளிச்சமெல்லாம் அதைக் கருக்கிக்கொண்டே போகும். டார்க் ரூமில் படத்தை நிலைக்கவைக்கும் ரசாயனமான ஹைப்போவில் முக்கினால் நிலைத்துவிடும் என்று நினைக்கலாம், ஆனால் இந்த நுண்ணிய வெள்ளியில் பெரும்பகுதியை ஹைப்போ கரைத்து, படத்தை வெளிறடித்துவிடும்.

எனவே ஸ்கேன்தான் வழி, அதுவும் ஒரே முறை. ஸ்கேனரின் விளக்கே தாளைக் கெடுக்கும் என்பதால் ப்ரிவியூ போடாதீர்கள். அதே அளவு வெள்ளைத் தாளை வைத்து எல்லையை முன்பே குறித்துக்கொண்டு, பிறகு அந்த இடத்தில் படத்தை வையுங்கள். தாள் ஈரமாக இருந்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், இருட்டில் ஒருநாள் காயவிட்ட பிறகு செய்யுங்கள். 600 டி.பி.ஐ. போதும், ஊசித்துளைப் படத்தில் அதற்கு மேல் நுணுக்கம் கிடையாது. கறுப்பு-வெள்ளைத் தாள் என்றாலும் கலர் ஸ்கேன், 48 பிட், டிஃப் கோப்பு, ஏறக்குறைய 75 எம்.பி. வரும். தானியங்கித் திருத்தங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

பிறகு கணினியில் இன்வர்ட் செய்தால் கருத்த கோடுகள் ஒளிக்கோடுகளாகும். படம் தலைகீழாக இருக்கும், திருப்புங்கள். அப்போதும் இடம் வலம் மாறியிருக்கும். கிடைமட்டமாக ஒருமுறை ஃபிளிப் செய்தால்தான் தெற்கு தெற்கில் வரும். கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் ஏற்றலாம். பூஞ்சைப் புள்ளி, தண்ணீர் இறங்கிய தடம் இவற்றை அழிப்பதா விடுவதா என்பது உங்கள் விருப்பம். அந்த ஆறு மாத ஈரமும் படத்தின் பகுதி என்பதால் விட்டுவிடுவதே நியாயம் என்று தோன்றுகிறது.

மூலத் தாளைக் கறுப்புப் பையில் போட்டு வைக்கலாம். கண்காட்சியில் அதை வெளியில் வைக்கவும் செய்யலாம், அறை வெளிச்சத்தில் முதல் நாள் தெளிவாக இருக்கும், நாளாக ஆக மங்கி, ஒரு கட்டத்தில் பின்னணியோடு கலந்துவிடும். அதைச் செய்வதென்றால் ஸ்கேன் கோப்பின் இரண்டு பிரதிகள் வேறு வேறு இடத்தில் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு செய்யுங்கள்.

ஜூன் 21 அன்று குழாயைக் கழற்றப் போகும்போது, தாள் ஏற்றிய இன்னொரு குழாயைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். கிளாம்ப் அங்கேயே இருக்கும், சாய்வும் அதேதான். பழையதை எடுத்த இடத்தில் புதியதை வைத்து இறுக்கிவிட்டு டேப்பைப் பிரித்தால், டிசம்பர் வரை அடுத்த படம்.